மூன்று பேருக்குக் கட்டிய பெட்டி

கப்பலில் போகிறவர்கள் ஊக்கு நிறைய எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொன்னது, என் கணவரோடு தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு அம்மாள். அதற்கு முந்தின வருஷம் குடும்பத்தோடு அந்தமான் போய்வந்தவர் அவர். "மேல்தளத்துல நின்னா காத்து ஆளையே தள்ளிக்கினு போவுது. புடவை நிக்குமா? தோள்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, மடிப்புல ரெண்டுன்னு குத்திக்க" என்றார். நான் கடைக்குப் போய் முதலில் வாங்கியது அதைத்தான்.

அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குத் தபால் இலாகாவில் வேலை. சில வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வெளியூர் போய்வர சர்க்காரே செலவு கொடுக்கும். மற்றவர்கள் காசி, டெல்லி என்று போவார்கள். அவருக்குக் கப்பல் ஆசை. கடலூரில் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி, படகில்கூட ஏறினவர் இல்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் போய்ச் சேர மூன்று நாள் ஆகும் என்று கேட்டதிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

எங்களோடு என் தம்பியும் வருவதாக இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அம்மாவும் அடுத்து அப்பாவும் போய்விட்ட பிறகு, மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளையாக, ஒரு துணிப்பையோடு அவன் என் வீட்டுக்கு வந்தான். நானும் அப்போது புதுப்பெண்தான். அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி, சோறு ஊட்டித்தான் எனக்குக் குடும்பம் நடத்தவே தெரிந்தது. அக்கம்பக்கத்தில் அவனை என் பிள்ளை என்றே நினைத்தவர்கள் உண்டு. நானும் திருத்தியதில்லை. சர்க்கார் செலவில் அவனுக்கு இடம் கிடையாது. என் கணவர் யோசிக்கவே இல்லை. "மச்சான வுட்டுட்டுப் போயி நாம அங்க இன்னா பார்க்கப் போறோம்?" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்து போட்டு மூன்றாவது டிக்கெட்டையும் எடுத்துவந்தார்.

தம்பி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தான். பாலிடெக்னிக்கில் சேர இரண்டு வருஷம் மனு போட்டான். இரண்டு வருஷமும் கிடைக்கவில்லை. அவன் மார்க் குறைவு என்று சொல்லிவிட முடியாது, நிறைய என்றும் சொல்ல முடியாது. அந்த நடுவில் நின்ற பிள்ளைகள் எங்கள் சாதி ஜனத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

பெட்டி கட்டுகிற வேலையை அவன்தான் எடுத்துக்கொண்டான். என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த இரும்புப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, துரு சுரண்டி, பச்சை பெயிண்ட் அடித்தான். கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கூடம். ரயிலில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கை, நூற்றுக்கணக்கில் ஜனம். அதனால் பெட்டியைப் படுக்கைக் காலோடு சேர்த்துப் பூட்ட ஒரு சங்கிலியும் பூட்டும் வேண்டும் என்று ஆபீஸ் அம்மாள் சொல்லியிருந்தார். தட்டு, டம்ளர் சொந்தமாக இருந்தால் நல்லது. குளிக்கும் இடத்தில் மக் இருக்காது. துணி காயப்போட நைலான் கயிறு. காதுக்கு மப்ளர். வழுக்காத ரப்பர் செருப்பு. போர்வை. டார்ச் லைட். வாந்திக்கு எலுமிச்சம்பழம், உப்பில் ஊறிய நாரத்தங்காய். கப்பல் சாப்பாடு நாலு வேளைக்கு மேல் நம் நாக்குக்கு இறங்காது, அதனால் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தட்டை, முறுக்கு.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் பழைய துணியில் சுற்றி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத் தம்பி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? நடுக்கடல்ல கப்பல கொளுத்தப் போறியா?"

"பால் காய்ச்ச வேணாமா டா?"

"கடல்ல மாடு யாரு கறக்கறாங்க?"

கடல் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஒரு சோதனையும் நடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் கூடத்தில் ஊஞ்சல் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அதில் உட்காரவைத்து, தம்பி ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம் நின்று ஆட்டினார்கள். நான் கத்தக் கத்த நிறுத்தவில்லை. இறங்கி ஓடிப்போய் முற்றத்தில் வாந்தி எடுத்தேன். "ஜாஸ்தி நாரத்தங்கா எடுத்துக்கணும், மாமா" என்றான் தம்பி, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

என் கணவர் வேலை விஷயமாகக் கல்வராயன் மலைக்கு அடிக்கடி போவார். அங்கே வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு குடும்பம் பழக்கம். சாமை, கேழ்வரகு விதைத்துப் பிழைக்கிற மலை ஜனம். அந்த வீட்டுப் பெரியவர் என் கணவரிடம் கப்பல் விஷயம் கேட்டு ஆச்சரியப்பட்டாராம். அவர் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி சந்தைக்கு வந்ததே சில தடவைதான். தம்பி போய் அவரிடம் கொஞ்சம் தேனும் கடுக்காயும் வாங்கிவந்தான். "நெல்லிக்கா காயவெச்சிருக்காரு. காஞ்சதும் அவரே எடுத்தாந்து தராராம். கப்பல் என்னிக்குன்னு கேட்டு வெச்சிக்கினாரு" என்று சொன்னான்.

இப்படி ஆவணி மாதம் போனது. வீட்டில் எங்கே பார்த்தாலும் எண்ணெய்ச் சட்டி வாசனையும் புது பெயிண்ட் வாசனையும்.

அந்த வருஷம்தான் எங்கள் ஜனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று போராட்டம் பெரிதாக எழுந்தது. முதலில் கூட்டம், ஊர்வலம் என்று இருந்தது. பிறகு ஒரு வாரம் சாலையை மறிப்பது என்று முடிவாகி, ஊர் ஊராகச் சேதி போனது. எங்கள் கப்பல் அதற்கு அடுத்த வாரம். என் கணவர் கவலைப்பட்டார். மறியல் முடிந்தாலும் பஸ் ஓடுமா, சென்னை போய்ச் சேர முடியுமா என்பது அவர் கவலை. தம்பிக்கு வேறு கவலை.

மறியலுக்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவன் சொன்னான். "மாமா, நான் ஊருக்குப் போய்ட்டு வரன். அண்ணன் கூப்ட்டு அனுப்பிச்சிருக்காரு."

ஊர் என்றால் எங்கள் சொந்த ஊர், எலவனாசூர்கோட்டை. அண்ணன் என்றது பெரியப்பா மகனை.

"இப்ப எதுக்கு டா? அடுத்த வாரம் கப்பல்ல போவணும். போலீஸ் கீலீஸ்னு மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார் என் கணவர்.

"எல்லாரும் ரோட்ல நிக்கறாங்க மாமா. எங்களுக்கு சீட்டு வேணும்னுதான் நிக்கறாங்க. நான் மட்டும் முறுக்க கட்டிக்கினு வூட்ல ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான், "தண்ணி மாத்திக் குடிக்காத, வெயில்ல நிக்காத" என்று ஏதோ சொன்னேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, "பெட்டிய நீ பூட்டாதக்கா. எப்பிடி அடுக்கணும்னு எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறியலின் முதல் நாளே கள்ளக்குறிச்சிக்கு வெளியே போகிற ரோடெல்லாம் அடைந்துவிட்டது. சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. தபால் பையே வராததால் ஆபீஸில் வேலை இல்லை. ஊர் சத்தமில்லாமல் கிடந்தது.

இரண்டாம் நாள் காலை, நான் இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க்காரப் பையன் ஒருவன் சைக்கிளோடு வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் மண். விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்திலும் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வந்தவனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, தம்பிக்கு அடிபட்டிச்சி. கட்டில்ல தூக்கிக்கினு வராங்க. பெரியாஸ்பத்திரிக்கு" என்றான்.

"யாரு அடிச்சாங்க?"

"யாரும் அடிக்கலக்கா. மரம்."

நானும் கணவரும் கட்டின துணியோடு நடக்க ஆரம்பித்தோம். தியாகதுருகம் ரோட்டில் அப்படி நான் ஒருநாளும் நடந்ததில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு மரம் குறுக்கே கிடக்கும். அங்கே நிற்கிற ஆட்கள் முதலில் யார், எங்கே என்று கேட்பார்கள். என் கணவர் சொல்வார். உடனே கை கொடுத்து என்னை ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். புளியங்கிளை கிழித்துப் புடவை தொங்கியது. ஒரு இடத்தில் வயதான ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, "ஒண்ணும் ஆவாது, போம்மா" என்றார். எல்லோரும் நல்ல ஜனம். எல்லோரும் எங்கள் ஜனம்.

தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் கட்டில் வருவது தெரிந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். ஓடி வர வேண்டியவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று நான் நினைத்தேன். பிறகு என் பெரியப்பா மகன் கட்டிலை விட்டு வந்து, ரோட்டிலேயே என் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டபோதுதான் புரிந்தது.

நடந்ததை அவர் அப்புறம் சொன்னார். பெரிய மரமாம். அடியை அறுத்துவிட்டு, கயிறு கட்டி எல்லோரும் ரோட்டுப் பக்கம் இழுத்திருக்கிறார்கள். கயிறு ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டு வருகிறேன் என்று தம்பி ஓடியிருக்கிறான். யாரும் போகச் சொல்லவில்லை. மரம் இழுத்த பக்கம் சாயாமல் திரும்பிக்கொண்டது. அடிபட்டும் உயிர் இருந்திருக்கிறது. வண்டிக்கு வழியில்லை. கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். அவர்களே முதல்நாள் சாய்த்த மரங்களின் மேல் கட்டிலை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மரத்திலும் புதிதாக ஆட்கள் சேர்ந்து தோள் கொடுத்தார்களாம். "அக்கா வூடு வந்துடிச்சான்னு கேட்டுக்கினே வந்தான் தங்கச்சி" என்றார். எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தினான் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வளைவில் ஒரு வேப்பமர நிழலில் கட்டிலை இறக்கிவைத்தார்கள். அந்த மரத்தை யாரும் வெட்டியிருக்கவில்லை. நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தலைமுடியில் மரத்தூள். அதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அவன் கால் மாட்டில் நின்றுகொண்டு, "மச்சான், டேய் மச்சான்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். தூங்குகிற பிள்ளையை எழுப்புவது போல.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஊருக்கே திரும்பத் தூக்கிப்போய், அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தோம். கல்யாணம் ஆகாத பிள்ளை, எரிக்கக் கூடாது என்றார்கள்.

மறியல் முடிந்து நாங்கள் கள்ளக்குறிச்சி வீட்டுக்குத் திரும்பியபோது பெட்டி கூடத்தில் அவன் விட்டுப்போன மாதிரியே பாதி திறந்து கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் உட்கார்ந்தார்கள். வந்த குழந்தைகள் பசித்து அழுதன. பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கேட்காமலேயே டின்னைத் திறந்து, கப்பலுக்குச் சுட்டு வைத்த தட்டையையும் முறுக்கையும் அவர்களுக்குக் கொடுத்தார். புதுத் தட்டுகளில் யாரோ எனக்குச் சோறு போட்டுத் தந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. குழந்தைகள் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கப்பல் புறப்படுகிற நாள் வந்தது. நான் மறந்துவிட்டேன். காலையில் என் கணவர் குளித்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "இந்நேரம் ஏறியிருப்போம்" என்றார். துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

மலைக்காரப் பெரியவர் அந்த வாரத்திலேயே வந்தார். மலைமேல் எதுவும் தெரியவில்லை. பஸ் ஓடாததால் வழியெல்லாம் நடந்தே வந்திருக்கிறார். தோளில் மூட்டை. வாசலிலேயே நின்று, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கப்பல் போய்டிச்சாம்மா? நாள் தவறிட்டன். ரோடு இல்ல, இன்னா பண்றது? தம்பி கோச்சிக்கினானா?" என்று சிரித்தார்.

என் கணவர் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துச் சொன்னார். பெரியவர் மூட்டையை அவிழ்க்கவில்லை.

"எங்க மலையில மரம் வெட்டறப்ப சின்னப்புள்ளைங்கள கிட்ட சேக்க மாட்டோம்" என்று கடைசியில் சொன்னார். சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது போல என்னைப் பார்த்துக் கைகூப்பினார். போகும்போது நெல்லிக்காயை வைத்துவிட்டுப் போனார். அது அப்படியே இருந்து பூஞ்சை பிடித்தது.

கேட்ட மாதிரி தனியாக இல்லை, மற்ற சில ஜனங்களோடு சேர்த்து ஒதுக்கீடு பின்னால் கிடைத்தது. எங்கள் பெரியப்பா பேரப்பிள்ளைகள் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் யாராவது இனிப்போடு வந்து சேதி சொன்னால், அவர்கள் போகிறவரை சிரித்துப் பேசிவிட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

ஒரு வருஷம் முழுக்கப் போய், அதற்கடுத்த தை கழித்து என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், கப்பலில் போகலாமா என்று. எல்லோரும் நான் மாட்டேன் என்பேன் என்று நினைத்தார்கள். நான் சரி என்றேன். அந்த வீட்டில் இருப்பதைவிட எங்காவது இருந்தால் போதும் என்று இருந்தது. இந்தத் தடவை பெட்டியே எடுக்கவில்லை. இரண்டு பைகளில் மாற்றுத் துணியும் போர்வையும் மட்டும். புறப்பட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கப்பல் பெரியது. ஒரு தெருவே மிதப்பது மாதிரி. முதல் நாள் முழுக்க நான் தலை தூக்கவில்லை. எனக்கு எதிர்ப் படுக்கையில் ராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். புருஷன் போர்ட் பிளேரில் கடை வைத்திருக்கிறானாம். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மறுநாள் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்தபோது எல்லோரும் கேட்பதை அவளும் கேட்டாள்.

"கூடப் பொறந்தவங்க எத்தன பேருக்கா?"

கள்ளக்குறிச்சியில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும். நானாக எதையும் யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

"ஒரு தம்பி இருந்தான்" என்றேன்.

'இருந்தான்' என்ற சொல்லை அதுவரை என் வாய் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. துணிப்பையோடு வந்ததிலிருந்து கட்டில் வரைக்கும் சொன்னேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கண்ணீர் வழியக் கேட்டாள். முடிந்ததும், "எப்படி இருப்பாங்கக்கா, உங்க தம்பி?" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். நல்ல உயரம். மாநிறம். எங்கள் அப்பாவைப் போல அடர்ந்த முடி. புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. எந்தப் புருவம் என்று சொல்ல வாயெடுத்தேன், தெரியவில்லை. கையை என் முகத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரியவில்லை.

எழுந்து, ஆடுகிற படியைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினேன். என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றிருந்தார். காற்றில் நான் கத்த வேண்டியிருந்தது.

"ஏங்க, அவனுக்குத் தழும்பு எந்தப் பக்கங்க?"

அவர் யார் என்று கேட்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. "எடது பக்கம்" என்றார். "அஞ்சாவது படிக்கறப்ப பம்பு செட்டுல எகிறிக் குதிச்சான். நான்தான் சைக்கிள்ல வெச்சிக்கினு தையல் போட ஓடனன். நீ மயக்கம் போட்டு வுழுந்துட்ட."

இடது பக்கம். ஆமாம், இடது பக்கம்தான். எனக்கு அப்போது முகம் முழுசாகத் தெரிந்தது. நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவரும் அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். பிறகு கீழே போய், வரிசையில் நின்று, கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டோம்.